வாய்தா லாட்ஜில் ஒரு சாயங்காலம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், சின்ன வயதில் பட்டணம் பார்த்த கதை வந்துவிடும். செத்த காலேஜ் மியூசியத்தில் திமிங்கில எலும்பு பார்த்தேன், உயிர் காலேஜில் புலி பார்த்தேன், கடற்கரையில் சுண்டல் தின்றேன் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறீர்கள். போன வாரம் குளக்கரையில் உட்கார்ந்து எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, "நீ ஏன்க்கா வாயே தொறக்கல? பட்டணமே போனதில்லையா?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். போனதில்லையாவது! உங்கள் எல்லாரையும்விட அதிகமாகப் போனவள் நான். போய்த் தங்கின இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஆனால் கேட்டு முடித்துவிட்டு, அந்தக் காலம் மாதிரி வருமா என்று மட்டும் யாரும் பெருமூச்சு விட வேண்டாம்.

பாரீஸ் கார்னருக்குப் பின்னால், வண்டியும் மனுஷனும் இடித்துக்கொண்டு போகும் ஒரு சந்தில் அந்த லாட்ஜ் இருந்தது. அதற்கு வைத்திருந்தது ஒரு சாமியின் பெயர். அதைச் சொல்லிச் சாமியை அவமானப்படுத்த எனக்கு மனசில்லை. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்து ஹைகோர்ட்டு வாய்தாவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் அதற்கு வாய்தா லாட்ஜ் என்றே பெயர். கீழே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கிய கிடங்கு. மாடிப்படி ஏறினால் நீளமாக ஒரு கூடம். அந்தக் கூடத்தைப் பலகை அடித்துத் தடுத்து, தடுப்புக்கு ஒரு கதவை மாட்டி, கதவில் ஒரு நம்பரை எழுதி, ரூம் என்று சொல்லி மனுஷர்களை உள்ளே விட்டார்கள். எங்கள் ஊரில் மாட்டுக்குக்கூட அதைவிடத் தாராளமாக இடம் விடுவோம்.

உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், அதன் மேல் கிழிந்த கோரைப்பாய். கட்டிலில் உட்கார்ந்தால் மூட்டைப்பூச்சி, தரையில் உட்கார்ந்தால் கரப்பான். சுவர் முழுக்கச் சின்னச் சின்னதாக ரத்தக் கோடுகள். எங்களுக்கு முன்னால் தங்கினவர்கள் மூட்டைப்பூச்சியை விரலால் நசுக்கி இழுத்து வைத்தவை. கீழேயிருந்து சாக்கு நாற்றமும் மல்லாட்டைத் தூசியும் ஏறி வரும். தாழ்வாரக் கோடியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். அதில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும், அதற்கும் அடிதடி. மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டு மோவாயைத் தூக்கித் தூக்கிப் பேசுவார். எங்கள் பக்கத்து ஆள்தான். ஆனால் பட்டணத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்ட தெனாவட்டு. "தே, கொழாய மூடு. உங்கூரு ஏரின்னு நெனச்சிக்கினியா?" என்பதுதான் அவர் என்னிடம் பேசின முதல் பேச்சு. அந்த ஆளை எனக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை.

எங்கள் அப்பாவுக்கு அங்கே என்ன வேலை என்றால், கிணற்று வேலை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அப்பாவுக்கும் அவருடைய கூடப் பிறந்த தம்பிக்கும், அதாவது என் சித்தப்பாவுக்கும், பாகம் பிரிந்தபோது நிலம் இரண்டாகிவிட்டது, கிணறு மட்டும் பொதுவில் நின்றது. ஒரு நாள் இவர் முறை, ஒரு நாள் அவர் முறை என்று மாடு பூட்டி இறைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சித்தப்பாவுக்கு ஆயில் இஞ்சின் ஆசை வந்தது. அவன் இஞ்சின் வைத்து உறிஞ்சிவிட்டால் என் முறைக்குச் சேறுதான் மிஞ்சும் என்று அப்பா கேஸ் போட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. விழுப்புரம் கோர்ட்டில் அப்பா பக்கம் தீர்ப்பானது. சித்தப்பா விடவில்லை, ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனார்.

விழுப்புரத்தில் தீர்ப்பான அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். ரயிலில் போக வேண்டும் என்று தரையில் புரண்டு அழுததால் கூட்டிக்கொண்டு போயிருந்தார், அவ்வளவுதான். ஜெயித்துவிட்டு வெளியே வந்தவர், "எல்லாம் எம் பொண்ணு ராசி!" என்று கோர்ட்டு வாசலிலேயே என்னைத் தூக்கிக்கொண்டார். எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஒரு நாள் பெருமை என்னைப் பிறகு என்ன பாடு படுத்தியது! வாய்தா என்றால் நான் போக வேண்டும். ஜுரம் அடித்தாலும் போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை என்றாலும் போக வேண்டும். மற்ற வீட்டில் காரியத்துக்குப் போகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் என்னைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஹைகோர்ட்டு அப்பீலுக்கு இவர்கள் இரண்டு பேருமே போக வேண்டிய அவசியமில்லை. வக்கீல் குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். "நீங்க எதுக்குய்யா வர்றீங்க? காயிதத்தப் பாத்துத்தான் தீர்ப்பு. ஊருல போயி பயிரப் பாருங்க" என்றார். அப்பா நம்பவில்லை. ஜட்ஜ் தலை நிமிரும்போது எதிரே தம்பி முகம் மட்டும் இருந்து, தன் முகம் இல்லாமல் போனால் என்ன ஆவது? சித்தப்பாவுக்கும் அதே பயம். இவர் வருவதால் அவர் வந்தார், அவர் வருவதால் இவர் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, பின் பெஞ்சில் இந்தக் கோடியில் இவர், அந்தக் கோடியில் அவர். நடுவில் நான். முன்னால் கறுப்பு அங்கிக்காரர்கள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். எங்கள் மூன்று பேருக்கும் ஒரு எழுத்து புரியாது. ஜட்ஜ் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்ததை ஒரு நாளும் நான் பார்க்கவில்லை.

தங்குவதற்காவது வேறு லாட்ஜ் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். என் அம்மாவும் கேட்டாள். "அவன் போவட்டும் வேற எடத்துக்கு. நான் எதுக்குடி போவணும்?" என்றார் அப்பா. சித்தப்பாவும் தன் வீட்டில் இதையேதான் சொல்லியிருப்பார். ஒரே ஊர்க்காரர்கள், ஒத்தாசையாக இருக்கும் என்று மேனேஜர் முதல் தடவை பக்கத்துப் பக்கத்து ரூமைக் கொடுத்தார். அதற்குப் பிறகு ரூமை மாற்றிக்கொண்டால் பயந்துவிட்டதாக ஆகிவிடும் என்று இரண்டு பேரும் அதே ரூமைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

பேச்சு நின்றது என்றேன். ஆனால் ஒரே ரயிலில் வந்து, ஒரே லாட்ஜில் தங்கி, எப்படிப் பேசாமல் இருப்பது? அதற்கும் நான்தான். ரயிலில் முழங்கால் இடிக்கும்படி எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

"பாப்பா, உங்கப்பாருகிட்ட சொல்லு. கரி வந்து கண்ணுல வுழுது. சன்னல சாத்தச் சொல்லு" என்பார் சித்தப்பா.

அப்பா காதில் விழாதது போல வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பி, "அப்பா, சன்னல சாத்தச் சொல்றாரு" என்ற பிறகுதான் அவர் காதில் விழும்.

"உங்க சித்தப்பன்கிட்ட சொல்லு. இஞ்சினுக்கு ஆசைப்படறவன் இஞ்சின் கரியையும் தின்னுத்தான் ஆவணும்."

நான் அதைத் திருப்பிச் சொல்கிற வரை சித்தப்பா கோபப்படாமல் காத்திருப்பார். சொன்னதும் கோபப்படுவார். நான் வாயால் சொல்லாத வரைக்கும் எதுவும் சொல்லப்பட்டதாகாது. அவர்களுக்குள் அப்படி ஒரு சட்டம். திண்டிவனத்திலிருந்து எழும்பூர் வரை இப்படியே போகும். நடுவில் நான் தூங்கிவிட்டால் சண்டையும் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. தொண்டைதான் வறண்டுபோகும்.

லாட்ஜில் வேறு மாதிரி. ரூம் பலகை கூரை வரை போகாது, ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதன் உச்சியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, இந்த ஒரு பல்பே இரண்டு ரூமுக்கும் போதும் என்று வைத்திருந்தார்கள். சுவிட்சு எங்கள் பக்கத்தில் இருந்தது. ஹைகோர்ட்டில் அப்பாவுக்குக் கிடைக்காத வெற்றியெல்லாம் அந்தச் சுவிட்சில் கிடைத்தது. அந்தப் பக்கம் சித்தப்பா சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டதும் டப்பென்று அணைத்துவிடுவார்.

"பாப்பா, லைட்டப் போடச் சொல்லு. வாயில போறது கறிவேப்பிலையா பூச்சியான்னு தெரியல."

"சொல்லு, எம் பொண்ணுக்குத் தூக்கம் வருதுன்னு."

எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குப் படிக்க வேண்டியிருந்தது. புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன். அதை யார் கேட்டார்கள்? எனக்கு இரண்டு பேர் மேலும் கொலை வெறி வரும்.

நான் சொல்ல வந்தது எட்டாவது படித்த வருஷம். நம் காலத்தில் எட்டாவதுக்கு அரசாங்கப் பரீட்சை இருந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதில் பாஸானால் டீச்சர் டிரெயினிங் சேரலாம். எங்கள் நிலத்து வரப்பு வழியாகப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சரம்மா தினமும் குடை பிடித்துக்கொண்டு போவார். கையில் தோல் பட்டை போட்ட கடிகாரம் கட்டியிருப்பார். மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து ஒதுங்கி வழி விடுவார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. "நீயும் ஒருநா இந்த மாதிரி போவணும்டி" என்பாள். எனக்கும் அதைத் தவிர வேறு ஆசை கிடையாது. படிப்பும் எனக்கு நன்றாகவே வந்தது. ஆனால் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். "ஒரு வாட்டி எழுதட்டும். பாஸானா டிரெயினிங் அனுப்பறேன். இல்லன்னா வூட்ல இருக்கட்டும், வயசுக்கு வர்ற பொண்ணு." ஒரே தடவை. தவறினால் போச்சு.

பரீட்சைக்கு முதல் நாள் வாய்தா விழுந்தது. என் கெட்ட நேரம் என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் பிடிவாதம் என்றுதான் சொல்வேன். வாய்தா விழட்டும், தாராளமாக விழட்டும், அவர் தனியாகப் போயிருக்கலாம் இல்லையா? அம்மா வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் காலையில அதுக்குப் பரீச்சை. இன்னிக்கு இட்டுக்கினு போறீங்களே, இது ஞாயமா?"

"சாயங்கால வண்டிக்கு வந்துடப்போறோம். காலங்காத்தால ஏன் பேஜாரு பண்ற?"

"சத்தியமா வந்துடுவீங்களா?"

அப்பா தொழுவத்துக்குப் போய், கட்டியிருந்த எருதின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். அம்மா வழி விட்டாள். நான் புத்தகப் பையையும் கூடவே எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா அதே ரயிலில் வந்தார். அவருடைய மகன் எனக்குச் சில மாசம் இளையவன், என் வகுப்புதான். அவனுக்கும் மறுநாள் அதே பரீட்சை. அவன் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குப் பகல் முழுக்கக் கோர்ட்டில் காத்துக் கிடந்தோம். எங்கள் கேஸைக் கூப்பிடவே இல்லை. கோர்ட்டு கலைகிற நேரத்துக்குக் குமாஸ்தா வந்து, "நாளைக்குக் காலையில மொதல் கேஸா எடுத்துடுவாங்க. நீங்க இருக்கணும்னு இல்ல, கெளம்புங்க" என்றார். அப்பா காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. வெளியே வந்தவர் ஸ்டேஷன் பக்கம் போகாமல் லாட்ஜ் சந்தில் திரும்பினார்.

"அப்பா, வண்டி?"

"நாளைக்கு மொதக் கேஸு. இந்த நேரத்துல ராசிய வுட்டுட்டு நான் மட்டும் தனியா நிக்கறதா?"

"எனக்குப் பரீச்சைப்பா."

"பரீச்சை எங்கயும் ஓடிடாது. வாயாடாம வா."

ரூமுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, விசிறிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சாயங்கால வண்டியை விட்டால் எங்களுக்குக் காலையில்தான் வண்டி. அது திண்டிவனம் போய்ச் சேருகிறபோது முதல் பேப்பர் முடிந்திருக்கும். ஒரு பேப்பர் எழுதாவிட்டாலும் பெயில்தான். இதையெல்லாம் ஒன்று விடாமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் மூட்டைப்பூச்சி தேடிக்கொண்டிருந்தார்.

வெயில் இன்னும் தாழவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சித்தப்பா கையில் பையோடு எங்கள் ரூம் வாசலில் வந்து நின்றார். ஆச்சரியமாக இருந்தது. அவர் ஒரு நாளும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை, பலகைக்கு மேலேயே பேசுவார்.

"பாப்பா, உங்கப்பாருகிட்ட சொல்லு. நான் இந்த வண்டிக்குப் போறேன். பையனுக்கு நாளைக்குப் பரீச்சை, காலையில நான் கூட இருக்கணும். உனக்கும்தானே பரீச்சை? உங்கப்பாரு இருந்து கேஸப் பாக்கட்டும். உன்ன நான் இட்டுக்கினு போயி உங்கம்மாகிட்ட வுட்டுடறேன்."

இந்த மனுஷன் என் நல்லதுக்குச் சொன்னாரா, என்னை அப்புறப்படுத்திவிட்டால் அப்பாவின் ராசி போய்விடும் என்று சொன்னாரா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே இருந்திருக்கும். அன்றைக்கு எனக்கு அதைப் பற்றி என்ன? பேயே வந்து கூப்பிட்டிருந்தாலும் கூடப் போயிருப்பேன். எனக்குத் திண்டிவனம் போக வேண்டும்.

"அப்பா, என்னைய இட்டுக்கினு போறாராம்" என்றேன்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உங்க சித்தப்பன்கிட்ட சொல்லு. அவன் நரித்தனம் எனக்குத் தெரியும். ராசியத் தள்ளிக்கினு போயிட்டா நாளைக்கு ஜெயிச்சுடலாம்னு பாக்கறான். எம் பொண்ணு வராதுன்னு சொல்லு."

நான் சித்தப்பா பக்கம் திரும்பினேன். "சரின்னு சொல்றாரு, சித்தப்பா. இட்டுக்கினு போவச் சொல்றாரு" என்றேன்.

அது என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் வந்த உடனே அதன் பலம் தெரிந்துவிட்டது. அவர்கள் போட்ட சட்டம்தானே, நான் சொன்னால்தான் சொன்னதாகும். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று அப்பா மறுக்க வேண்டுமானால் தம்பியிடம் நேராகப் பேச வேண்டும். அதை அவர் செய்ய மாட்டார். கிணறே போனாலும் செய்ய மாட்டார். அவருடைய வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. சத்தம் வரவில்லை. சித்தப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மீசைக்குள் சிரித்தார்.

"அப்படியா சொல்றாரு? அப்ப ஜல்தி பைய எடு."

நான் எடுத்தேன். தாழ்வாரத்தில் மேனேஜர் வெற்றிலையை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தார். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். படி இறங்க ஆரம்பித்தோம். என் வாழ்க்கையில் அந்தச் சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"டேய்! எம் பொண்ண எங்கடா இட்டுக்கினு போற?"

அப்பாதான். வெறும் உடம்போடு படிக்கு மேலே வந்து நின்றார். சித்தப்பா நின்றுவிட்டார். என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. மெதுவாகத் திரும்பி மேலே பார்த்தார்.

"என்னாண்ணே சொன்ன?"

"எங்கடா இட்டுக்கினு போறன்னு கேட்டேன்!"

"எங்கிட்டயா கேட்ட?"

"பின்ன செவுத்துகிட்டயா கேட்டேன்?"

சித்தப்பா என் கையை விட்டுவிட்டார். பையைப் படியிலேயே போட்டுவிட்டு மேலே ஏறினார். "பேசறதுக்கு இப்பத்தான் வாய் வந்துச்சா உனக்கு? அம்மா செத்தப்ப வாய் வரலியே? தலைமாட்டுல பக்கத்துல பக்கத்துல நின்னோமே, அப்ப வரலியே?"

"நீ பேசனியாடா? நீ சின்னவன், நீதான்டா மொதல்ல பேசணும்!"

அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. பாகம் பிரித்தபோது யாரைக் கேட்டு வேப்பமரத்தை வெட்டினாய், கறவை மாட்டை எனக்குக் கொடுத்துவிட்டுக் கன்றை ஏன் வைத்துக்கொண்டாய், உன் பெண்டாட்டி என் பெண்டாட்டியைக் களத்தில் வைத்து என்ன சொன்னாள், எல்லாம். மற்ற ரூம் கதவெல்லாம் திறந்துகொண்டது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் பையோடு நின்றேன். என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். முதல் தடவையாக அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.

"சித்தப்பா, வண்டி போயிடும்."

"இரு பாப்பா, ஒரு பேச்சு பேசிட்டு வர்றேன்."

"அப்பா, நான் போவணும்பா."

"செத்த இரும்மே!"

சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டார். கோபமாகக்கூடத் தட்டவில்லை, ஈயைத் தட்டுகிற மாதிரி தட்டினார். நான் தனியாகவே படி இறங்கினேன். எழும்பூருக்கு வழி தெரியாது, கேட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். சந்தில் காலை வைப்பதற்குள் மேனேஜர் ஓடி வந்து என் ஜடையைப் பிடித்தார். "பொட்டப்புள்ள தனியா எங்க போற? காணாமப் போயிட்டா எந்தலைலதான் வுழும்" என்று இழுத்துக்கொண்டு வந்து மேலே விட்டார். இழுத்த இழுப்பில் என் மைக்கூடு படியில் விழுந்து உடைந்தது. எட்டாவதுக்கென்று அம்மா திண்டிவனம் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்த மைக்கூடு.

மேலே வந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்! "சின்னதுல நீ கெணத்துல வுழுந்தப்ப யாருடா குதிச்சித் தூக்குனது?" என்று அப்பா கேட்டார். "நீதாண்ணே" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா பொலபொலவென்று கண்ணீர் விட்டார். அப்பா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர். மேனேஜர் தன் கணக்கில் டீ வரவழைத்தார். வாய்தாவுக்கு வந்திருந்த மற்ற ஜனங்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் தம்பி என்றால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

நான் சுவரோரமாக உட்கார்ந்து அழுதேன். வாய் விட்டு அழுதேன். என்னைப் பார்த்து ஒரு கிழவர், "கொழந்தைகூட சந்தோசத்துல அழுவுது பாருங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்து, "எல்லாம் இது ராசிடா" என்று தம்பியிடம் சொன்னார். சித்தப்பா என் கன்னத்தைக் கிள்ளினார். இரண்டு பேர் கையையும் கடித்துத் துப்பியிருக்க வேண்டும். வண்டி அதற்குள் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும்.

மறுநாள் காலையில் திண்டிவனத்தில் தமிழ்ப் பேப்பர் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்துக்கு நான் ஹைகோர்ட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்துபோய், நாங்கள் ராஜியாகப் போகிறோம், கேஸ் வேண்டாம் என்று வக்கீல்களிடம் சொன்னார்கள். எந்தக் கேஸுக்காக என்னைப் பிடித்து வைத்தார்களோ, அந்தக் கேஸையே நடத்தவில்லை.

ஊரில் எங்களை மேளம் கொட்டாத குறையாகக் கொண்டாடினார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அத்தனை பேர் சந்தோஷத்துக்கு நடுவில் அவள் எப்படிச் சண்டை போடுவாள்? சித்தப்பாவுக்கு இலை போட்டுப் பரிமாறினாள். பரிமாறி முடித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய் எருதைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன். "போடி உள்ள" என்றாள், அவ்வளவுதான்.

அண்ணனும் தம்பியும் விழுப்புரம் போய்ச் சேர்ந்தே ஒரு இஞ்சின் வாங்கி வந்தார்கள். பொதுக் கிணறு, பொது இஞ்சின். இரண்டு கொல்லைக்கும் தண்ணீர் தாராளமாகப் பாய்ந்தது. யாருக்கும் சேறு மிஞ்சவில்லை. என்னை ஒரு தடவை எழுத விடுங்கள், அடுத்த வருஷம் எழுதுகிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். "ஒரு வாட்டின்னு அப்பவே சொன்னேனில்ல? எழுதாததும் பெயிலானதும் ஒண்ணுதான்" என்றார். சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டார் இப்போது. அவருடைய மகன், அப்பா கூட இல்லாமலேயே போய் எழுதி, பாஸாகி, விழுப்புரத்தில் டீச்சர் டிரெயினிங் சேர்ந்தான். எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

சித்தப்பா மகன் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபோது வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டான். அப்பாவும் சித்தப்பாவும் அப்போது இல்லை. பந்தியில் யாரோ பேச்சை எடுத்துக் கொடுக்க, அவன் லாட்ஜ் கதையை ஆரம்பித்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் விடாமல் சொல்லப்படும் கதை அது. அக்கா சாமர்த்தியமாக ஒரு பொய் சொன்னாள், பெரியப்பா வாயைத் திறந்தார், குடும்பம் ஒன்றாயிற்று. வாத்தியார் இல்லையா, நன்றாகச் சொல்வான். சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"அதுக்கு அடுத்த நாளு எனக்குப் பரீச்சை. அது இங்க யாருக்காவது ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். முதல் வகுப்பிலிருந்து என் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, என் சிலேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டவன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தான்.

"பரீச்சையா? உனக்கா?" என்றான். "நீ ஏழாவதோட நின்னுட்ட இல்லக்கா?"